பணம் அனுப்பும் கடைகளின் வங்கிக் கணக்குகள் ஏன் மூடப்படுகின்றன? சோமாலியாவிலிருந்து தொடங்குவோம்

#1 கடலோடி

வணக்கம் உறவுகளே. பல வருடமாக என் மனதில் கிடக்கும் கேள்வி இது. வங்கித் துறையில் இருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் லண்டனுக்குப் படிக்க வந்த புதிதில், கிழக்கு லண்டனில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணரின் பணம் அனுப்பும் கடையில் சனி, ஞாயிறு வேலை செய்தேன். இரண்டு கடை தள்ளிச் சோமாலியர் ஒருவரின் கடை. அவரும் இதே தொழில்தான். நாங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அனுப்பினோம், அவர் ஹர்கெய்சாவுக்கும் மொகதிசுவுக்கும் அனுப்பினார். மாத முதல் வாரத்தில் இரண்டு கடையிலும் வரிசை நிற்கும். பேருந்து ஓட்டுபவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அம்மா, இரவு நேரத் துப்புரவுத் தொழிலாளி. ஆளுக்கு 50 பவுண், 100 பவுண். அதற்கு மேல் அனுப்புபவர்கள் குறைவு.

2013 மே மாதம் பார்க்ளேஸ் வங்கி பிரிட்டனில் ஏறக்குறைய 250 பணம் அனுப்பும் நிறுவனங்களுக்கு, உங்கள் கணக்கை மூடப்போகிறோம் என்று கடிதம் அனுப்பியது. சோமாலியாவுக்கு அனுப்புவதில் மிகப் பெரிய நிறுவனமான தஹப்ஷீலும் அதில் ஒன்று. சோமாலியாவில் 1991இல் மத்திய அரசு விழுந்தபோது வங்கிகளும் சேர்ந்தே விழுந்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்குக் காசு அனுப்ப ஹவாலா நிறுவனங்கள், அதாவது இங்கே காசு வாங்கி அங்கே தங்கள் ஆள் மூலம் கொடுக்கும் நிறுவனங்கள், மட்டுமே மிஞ்சின. வருடத்துக்கு 130 கோடி டாலர் அப்படிப் போனதாக அன்று மதிப்பிட்டார்கள். வெளிநாட்டு உதவியை விட அது அதிகம். ஓட்டப்பந்தய வீரர் மோ ஃபாரா கூட வங்கி முடிவை மாற்ற வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 பஞ்சத்தில் தென், மத்திய சோமாலியாவில் ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்ட ஆய்வு வெளியானதும் அதே 2013 மே மாதம்தான். அவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வறட்சி வந்தால் முதலில் கை கொடுப்பது வெளிநாட்டில் இருக்கும் அக்கா, அண்ணன் அனுப்பும் நூறு பவுண்தான். அந்த வழியை அடைக்கும் கடிதம் அந்த மாதத்தில்தான் வந்தது.

எங்கள் கடைக்கும் அப்புறம் ஒரு கடிதம் வந்தது. 2015இல், வேறொரு வங்கியிடமிருந்து. பெயர் வேண்டாம். "60 நாளில் உங்கள் கணக்கு மூடப்படும்." காரணம் எழுதவில்லை. அண்ணர் நேரில் போய்க் கேட்டார், தொலைபேசியில் கேட்டார், பதில் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு தவறும் செய்யாதவர், எல்லா ரசீதையும் கோப்புப் போட்டு வைத்திருந்தவர்.

என் கேள்வி இதுதான். எந்தச் சட்டம் இதைச் செய்யச் சொல்கிறது? அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யார்?


#2 பேரேடு

கடலோடி, நான் சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கிக்கான கம்ப்ளையன்ஸ் பிரிவில் (விதிகளைப் பின்பற்றுகிறோமா என்று சரிபார்க்கும் பிரிவு) பதினோரு வருடம் வேலை பார்த்தவன். இப்போது அந்தத் துறையில் இல்லை என்பதால் மனம் திறந்து சொல்லலாம்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. "ஆபத்தை அளந்து அதற்கேற்ப நடந்துகொள்" என்றுதான் விதி சொல்கிறது. வங்கி அளப்பதற்குப் பதிலாக மொத்தமாக விலகிக்கொள்கிறது. இதைத் துறையில் டீ-ரிஸ்கிங் என்பார்கள்.

விதிகளின் தலைமூலம் பாரிஸில் இருக்கிறது. எஃப்ஏடிஎஃப் என்ற நிதி நடவடிக்கைப் பணிக்குழு. 1989இல் ஜி7 நாடுகள் பாரிஸில் கூடியபோது போதைப்பொருள் பணத்தைப் பிடிப்பதற்காக உருவாக்கியது. 2001 செப்டம்பருக்குப் பிறகு பயங்கரவாதத்துக்குப் போகும் பணமும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. அதற்கு 40 பரிந்துரைகள் உண்டு. பரிந்துரை என்றுதான் பெயர், ஆனால் பின்பற்றாத நாடு அதன் குறைபாடுள்ள நாடுகளின் பட்டியலில் ஏறும் என்பதால் ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதைத் தங்கள் சட்டமாக எழுதிவிட்டன.

இப்போது வங்கிக்குள் நடக்கும் கணக்கைச் சொல்கிறேன். 2012 டிசம்பரில் எச்எஸ்பிசி அமெரிக்க அரசுக்கு 190 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது. மெக்சிகோ, கொலம்பியா போதைக் கும்பல்களின் பணம் குறைந்தது 88 கோடி டாலர் அதன் வழியாகப் போயிருந்தது. வங்கிக் கவுன்டரின் சன்னல் அளவுக்கே பெட்டி செய்து அதில் ரொக்கத்தை அடைத்துக் கொண்டுவந்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறை எழுதியது. 2014இல் பிஎன்பி பரிபாஸ், தடை விதிக்கப்பட்ட நாடுகளின் பரிவர்த்தனைகளுக்காக 890 கோடி டாலர் கட்டியது. ஒவ்வொரு அபராதச் செய்தி வந்ததும் எங்கள் அலுவலகத்தில் புதிய சுற்றறிக்கை வரும், சரிபார்க்க வேண்டிய பட்டியல் இன்னும் நீளும்.

அந்தச் சூழலில் உங்கள் அண்ணரின் கடைக் கணக்கு என் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வங்கிக்கு வரும் வருமானம் வருடத்துக்குச் சில ஆயிரம் பவுண். அதைக் கண்காணிக்க ஆகும் செலவு அதைவிட அதிகம். அவரை மட்டும் பார்த்தால் போதாது, அவருடைய வாடிக்கையாளர் யார், கிளிநொச்சியில் வாங்குபவர் யார் என்றும் பார்க்க வேண்டும். தடைப் பட்டியலோடு பெயர்ப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் முகமது, அலி, குமார், சிவா என்று ஒரு நாளைக்கு எத்தனையோ எச்சரிக்கை எழுப்பும். ஒவ்வொன்றையும் ஒரு ஆள் திறந்து பார்த்து, "இது அவர் இல்லை" என்று குறிப்பெழுதி மூட வேண்டும். அந்த வேலையைத்தான் நான் செய்தேன்.

ஆயிரம் நல்ல பரிவர்த்தனையை அனுமதித்ததற்காக யாரும் என்னைப் பாராட்டியதில்லை. ஒரு தப்பான பரிவர்த்தனை நழுவினால் வேலை போகும். கணக்கை மூடினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படியிருக்கும்போது மேலே இருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

காரணம் சொல்லாததற்கும் ஒரு பின்னணி இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் மேல் சந்தேக அறிக்கை அனுப்பியிருந்தால் அதை அவரிடம் சொல்வதே குற்றம். அறிக்கை அனுப்பாதபோதும் அந்தப் பழக்கத்திலேயே எல்லோரிடமும் வாயை மூடிக்கொள்வார்கள்.


#3 மழைக்காலம்

நல்ல இழை. பேரேடு அண்ணா, ஒரு சந்தேகம். சோமாலியாவில் வங்கியே இல்லை, சரி. வங்கி இருக்கிற நாடுகளுக்கும் இந்தப் பாதிப்பு உண்டா? கரஸ்பாண்டென்ட் வங்கி என்ற சொல்லைச் செய்திகளில் பார்க்கிறேன், கொஞ்சம் எளிமையாகச் சொல்ல முடியுமா?


#4 பேரேடு

மழைக்காலம், உங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் ஒரு கணக்கு இருக்கும். வெளியிலிருந்து பணம் வர, வெளியே பணம் போக, அந்தக் கணக்குதான் வாசல். அதே போல ஒரு சின்ன நாட்டின் வங்கி நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியிடம் டாலர் கணக்கு வைத்திருக்கும். நாஸ்ட்ரோ கணக்கு என்போம். அந்த நியூயார்க் வங்கிதான் கரஸ்பாண்டென்ட். டாலரில் எது வாங்கினாலும் விற்றாலும் அந்த வாசல் வழியாகத்தான். ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு வங்கிகளுக்கு இடையில் செய்தியை மட்டும் கொண்டுபோகும். பணம் உண்மையில் நகர்வது இந்தக் கணக்குகளுக்கு இடையில்.

அந்தக் கணக்கை மூடிவிட்டால் என்ன ஆகும்? மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்று ஒரு நாடு. மக்கள்தொகை நம் ஒரு நடுத்தர நகரத்தின் அளவு, நாலு லட்சம் சொச்சம். 2015இல் அங்கே பெரிய வங்கிகளின் கரஸ்பாண்டென்ட் கணக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்பது வங்கிகளில் இரண்டு மட்டுமே முழுச் சேவை தரும் தொடர்பைத் தக்கவைத்தன என்று 2016இல் ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியம் எழுதியது. பெரும்பாலான பொருளை இறக்குமதி செய்து வாழும் நாடு அது. விற்பவருக்குப் பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதமான எல்.சி. திறக்க வங்கி கிடைக்காத வியாபாரி சரக்கை எப்படி வரவழைப்பார்? திருப்பூரில் ஏற்றுமதி செய்பவர்களைக் கேட்டால் எல்.சி. ஒரு வாரம் தாமதமானாலே என்ன பாடு என்று சொல்வார்கள்.

உலக அளவில் 2011க்கும் 2018க்கும் இடையில் இப்படிப்பட்ட தொடர்புகளின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதே காலத்தில் அனுப்பப்பட்ட மொத்தப் பணம் குறையவில்லை, கூடியது. ஆக, பெரிய வழிகள் அகலமாயின, சிறு வழிகள் மறைந்தன. கரீபியன் தீவுகளும் பசிபிக் தீவுகளும்தான் அதிகம் அடிபட்டன. டோங்காவைப் போன்ற நாட்டில் வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம் இல்லாமல் குடும்பம் நடத்தவே முடியாது.


#5 பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கடலோடியின் வேதனை எனக்குப் புரியும். ஆனாலும் எல்லாவற்றையும் பாரிஸ் மேல் போட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

இலங்கைக்கு வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டாலர். 2021இல் 549 கோடி. 2022இல் 379 கோடி. இரண்டே வருடத்தில் பாதியாகிவிட்டது. அதற்குக் காரணம் எஃப்ஏடிஎஃப் இல்லை. இலங்கை அதன் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதலாகக் கண்காணிக்கப்படும் நாடுகளின் பட்டியலில், 2017 நவம்பரில் ஏறி 2019 அக்டோபரிலேயே இறங்கிவிட்டது. பணம் விழுந்தது அதற்கு அப்புறம்.

காரணம் மத்திய வங்கி டாலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தது. 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை அந்தப் பிடி. வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் அதைவிடப் பல ரூபாய் கூடக் கொடுத்தார். அரசு டாலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்துப் பார்த்தது, போதவில்லை. கத்தாரில் வெயிலில் நிற்கிற பிள்ளை எந்த வழியில் வீட்டுக்குக் கூட வருகிறதோ அந்த வழியில்தானே அனுப்புவான்? அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த டாலர் நாட்டுக்குள் வராததால் எரிவாயுக்கும் மருந்துக்கும் கட்டக் காசில்லாமல் போனது. என் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைக்கு நான் மூன்று மருந்தகம் ஏறி இறங்கினேன். 2022 மார்ச்சில் ரூபாயை விட்டதும் மெல்ல மெல்ல வங்கிக்குப் பணம் திரும்பியது. 2023இல் 597 கோடி, 2024இல் 658 கோடி.

அதனால் உண்டியலை ஏழைகளின் தோழன் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

ஒன்று மட்டும் கடலோடி பக்கம் நின்று சொல்கிறேன். 2006இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்த பிறகு, வடக்குக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயின் மேலும் சந்தேகம் விழுந்தது. என் சித்தி கனடாவிலிருந்து என் கல்லூரிக் கட்டணத்துக்கு அனுப்பிய காசு இரண்டு கிழமை எங்கேயோ நின்றது. கடைசியில் கல்லூரியின் கடிதம், என் அடையாள அட்டை, சித்திக்கும் எனக்கும் என்ன உறவு என்று ஒரு விளக்கம், எல்லாம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். சித்தியின் மகளுக்கு அங்கே பிறந்தநாள் பரிசு அனுப்பினால் யாரும் உறவு கேட்பதில்லை.


#6 ஏட்டுச்சுவடி

உண்டியல் என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. நான் காரைக்குடிப் பக்கம். எங்கள் பாட்டனார் ரங்கூனில் லேவாதேவி செய்தவர். வீட்டில் பழைய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று எங்கு பணம் மாற வேண்டுமானாலும், இவருக்குப் பணம் கொடு என்று எழுதும் சீட்டான உண்டியலை எழுதி அனுப்பினால் போதும். காட்டியவுடன் பணம் தர வேண்டியதற்குத் தரிசன உண்டியல் என்று பெயர். ஒரு பெட்டியடியின், அதாவது லேவாதேவிக் கடையின், எழுத்தை இன்னொரு பெட்டியடி மதிக்காமல் போனால் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அவ்வளவு கட்டுப்பாடு இருந்தது.

அந்த முறையில் எல்லாம் நன்மையே என்று சொல்லவில்லை. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது, அதன் கசப்பை அடுத்த தலைமுறை அனுபவித்தது. ஆனால் எழுத்தும் கணக்கும் சாட்சியும் அங்கே இருந்தன. ஹவாலா, உண்டியல் என்றாலே கணக்கில்லாத கள்ளத்தனம் என்று எழுதுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.


#7 கடலோடி

ஏட்டுச்சுவடி ஐயா, சோமாலியர் கடையில் நான் கண்டதும் அதேதான். வாங்குபவருக்கு அடையாள அட்டை கிடையாது. ஆனால் அவர் எந்தக் குலம், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று கேட்டு, ஊரில் தெரிந்தவரை வைத்து உறுதி செய்துதான் காசு கொடுப்பார்கள். பாரிஸ் விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

2001இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் நவம்பர் 7இல் அமெரிக்கா அல்-பரகாத் நிறுவனத்தை மூடியது. அன்று சோமாலியாவின் மிகப் பெரிய பணம் அனுப்பும் நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் அதுதான். அல்-கைதாவுக்குப் பணம் போகிறது என்று குற்றச்சாட்டு. செப்டம்பர் 11 ஆணையத்தின் அலுவலர்கள் பிறகு தேடிப்பார்த்தபோது அதற்குச் சான்று கிடைக்கவில்லை. விமானங்களைக் கடத்தியவர்கள் பயன்படுத்தியது அமெரிக்காவின் சாதாரண வங்கிக் கணக்குகள், பெரும்பாலும் தங்கள் சொந்தப் பெயரிலேயே திறந்தவை. மூடப்பட்டது மட்டும் ஹவாலா கடை. அதில் காசு போட்டு வைத்திருந்த குடும்பங்கள் என்ன ஆயின என்று அன்று எத்தனை செய்தித்தாள் எழுதின?

பனங்கூடல், நீங்கள் சொன்ன நாணய மாற்று விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு நோய். ஆனால் வங்கி வழி சுலபமாகவும் மலிவாகவும் இருந்தால் உண்டியல்காரருக்குப் பாதி வேலை இருக்காது என்பதையும் பாருங்கள். இப்போதும் 200 டாலர் அனுப்ப உலக சராசரிக் கட்டணம் 6 சதவீதத்துக்கு மேல். சகாராவுக்குத் தெற்கே இன்னும் அதிகம். 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது.


#8 தேன்சிட்டு

நான் பொது நிதிக் கொள்கை படிக்கிறவள். பட்டியல் விஷயத்தில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எஃப்ஏடிஎஃப் வருடத்துக்கு மூன்று முறை கூடும். பிப்ரவரி, ஜூன், அக்டோபர். ஒவ்வொரு முறையும் சாம்பல் பட்டியல் புதுப்பிக்கப்படும். சட்டப்படி அது ஒரு தண்டனை இல்லை, "இந்த நாட்டைக் கூடுதலாகக் கவனிக்கிறோம்" என்ற அறிவிப்பு மட்டுமே. ஆனால் ஐஎம்எஃப் ஆய்வாளர்கள் 2021இல் கணக்கிட்டபோது, பட்டியலில் ஏறும் நாட்டுக்கு வரும் வெளிநாட்டு மூலதனம் சராசரியாக அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.6 சதவீத அளவுக்குக் குறைவதாக வந்தது. ஒரு அறிவிப்புக்கு இவ்வளவு விளைவு.

இலங்கை 2017இல் ஏறியதற்கான காரணங்களைப் படித்தேன். குற்ற வழக்குகளில் பிற நாடுகளுக்கு உதவும் சட்டம், அறக்கட்டளைகளின் உண்மையான உரிமையாளரைக் கண்டறிவது, வட கொரியா மீதான ஐ.நா. தடைகளுக்கு உள்நாட்டு ஒழுங்குவிதி, இப்படிப் போகிறது. ஒரு சிறிய நிர்வாகம் இருக்கிற நல்ல அதிகாரிகளை எல்லாம் இரண்டு வருடம் இதில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. 2019இல் பட்டியலிலிருந்து இறங்கினார்கள். 2022இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றார்கள். கடன் சுமையைப் பார்க்க வேண்டியவர்களின் நேரம் எங்கே போனது என்ற கேள்வி எனக்கு உண்டு.

யார் பட்டியலில் ஏறவில்லை என்பதையும் பாருங்கள். டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை ஏறக்குறைய 20,000 கோடி யூரோ போனது, பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது. டென்மார்க்கும் ஏறவில்லை, எஸ்டோனியாவும் ஏறவில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் உண்மை உரிமையாளர் யார் என்று அரசிடம் பதிவு செய்ய 2021இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 மார்ச்சில் உள்நாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இதையே ஒரு ஆப்பிரிக்க நாடு செய்திருந்தால் அடுத்த கூட்டத்தில் அதன் பெயர் வந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

நல்ல மாற்றம் ஒன்றும் நடந்தது. 2024 அக்டோபரில் விதியைத் திருத்தி, பணக்கார நாடுகளையும் பெரிய நிதித்துறை உள்ள நாடுகளையும் முதலில் பார்ப்போம், மிகவும் பின்தங்கிய நாடுகளைப் பெரிய ஆபத்து இருந்தால் ஒழிய முன்னிறுத்தமாட்டோம் என்றார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து.


#9 பேரேடு

தேன்சிட்டு, நீங்கள் சொன்ன எல்லாவற்றுடனும் உடன்படுகிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. விதிகளே பணக்கார நாடுகளுக்காக எழுதப்பட்டவை என்று விட்டுவிட்டால் நாம் ஒரு பெரிய ஆயுதத்தைக் கைவிடுகிறோம்.

மலேசியாவின் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். 450 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. யாருடைய பணம்? அந்த நாட்டு மக்களுடைய பணம். சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று வங்கிகளில் சுற்றியது. அதைத் தோண்டி எடுத்தது இதே பணமோசடித் தடுப்பு விதிகள்தான். 2016இல் சிங்கப்பூர் தன் ஊரில் இருந்த பிஎஸ்ஐ வங்கியை மூடவே உத்தரவிட்டது. 2020இல் கோல்ட்மேன் சாக்ஸ் 290 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒத்துக்கொண்டது. வளரும் நாடுகளில் திருடுபவர்கள் பணத்தைப் பதுக்குவது வளர்ந்த நாடுகளின் வங்கிகளில். அங்கே கண்காணிப்பு தளர்ந்தால் முதலில் இழப்பது நாம்தான்.

தென்னாப்பிரிக்கா 2023 பிப்ரவரியில் சாம்பல் பட்டியலில் ஏறியது. அரசையே சிலர் கைப்பற்றிக் கொள்ளையடித்த காலம் முடிந்து, விசாரிக்கும் அமைப்புகள் எல்லாம் சிதைந்து கிடந்த நேரம் அது. வெளி அழுத்தம் வந்ததால்தான் வழக்குகள் நகர்ந்தன என்று அந்த ஊர் நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். 2025 அக்டோபரில் நைஜீரியாவோடு சேர்ந்து பட்டியலிலிருந்து இறங்கியது.

கோளாறு எங்கே என்றால், கோடிக்கணக்கில் வரும் பணத்துக்கு, அந்தப் பெரிய வாடிக்கையாளரைக் கவனித்துக்கொள்ள ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர் இருப்பார். அவர் எங்கள் தளத்துக்கு வந்து, "இந்தக் கோப்பைச் சீக்கிரம் பார்த்துக்கொடுங்கள்" என்று நிற்பார். நூறு பவுண் அனுப்பும் அம்மாவுக்காக எங்கள் தளத்துக்கு ஒருவரும் வந்ததில்லை. பதினோரு வருடத்தில் ஒருமுறை கூட இல்லை.


#10 மழைக்காலம்

அண்ணா, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. பார்க்ளேஸ் விவகாரம் பிறகு என்ன ஆனது?


#11 கடலோடி

தஹப்ஷீல் உயர் நீதிமன்றம் போய் 2013 நவம்பரில் இடைக்காலத் தடை வாங்கியது. 2014 ஏப்ரலில் சமரசம். வேறு ஏற்பாட்டுக்கு மாற அவகாசம் கிடைத்தது. வழக்கு நடத்த வசதி இருந்த நிறுவனம் அது. மற்றச் சிறு கடைகளுக்கு அந்த வழி இல்லை. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் இதே கதை. சோமாலியாவுக்கு அனுப்பும் கடைகளின் கணக்குகளை வைத்திருந்த கலிபோர்னியாவின் மெர்ச்சன்ட்ஸ் வங்கி அவற்றை மூடியது. ஆஸ்திரேலியாவில் அதே வருடம் வெஸ்ட்பேக் வங்கியும் இப்படிப்பட்ட கணக்குகளிலிருந்து வெளியேறியது.

ஆனாலும் பணம் நிற்கவில்லை. அமெரிக்காவில் சில நிறுவனங்கள் ரொக்கத்தைப் பெட்டியில் கட்டி, விமான நிலையத்தில் அறிவித்துவிட்டு, ஆள் மூலம் துபாய்க்குக் கொண்டுபோனார்கள். வங்கிக் கணக்கில் இருந்தபோது ஒவ்வொரு வரியும் காவல்துறை பார்க்கக்கூடியதாக இருந்தது. பெட்டிக்குள் போனபின் யார் பார்ப்பது? பணமோசடியைத் தடுக்கப் போட்ட விதி, பார்க்கக்கூடிய பணத்தைப் பார்க்க முடியாத பணமாக மாற்றியது.

சோமாலியாவும் சும்மா இருக்கவில்லை. மத்திய வங்கி பணம் அனுப்பும் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. 2023இல் தேசிய அடையாள அட்டை வந்தது. அதே வருடம் டிசம்பரில் 450 கோடி டாலர் கடன் தள்ளுபடி கிடைத்தது. இப்போது ஊருக்குள் கைப்பேசியிலேயே பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல்.


#12 தேன்சிட்டு

பசிபிக் தீவுகளில் முயன்று பார்க்கும் வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. தனித்தனியாக ஒவ்வொரு தீவும் வங்கியிடம் கெஞ்சுவதற்குப் பதிலாகச் சேர்ந்து ஒரே வாசலாக வைத்துக்கொள்வது. அதற்கு உலக வங்கி 2024இல் 6.8 கோடி டாலர் திட்டம் ஒன்றை ஏற்றது. நவ்ருவில் இருந்த ஒரே வங்கியான பெண்டிகோ கிளம்புவதாகச் சொன்னபோது ஆஸ்திரேலிய அரசு தலையிட்டு காமன்வெல்த் வங்கியைக் கொண்டுவந்தது. அதன் பின்னால் சீனாவைப் பற்றிய கவலை இருந்தது உண்மை. சோமாலியாவுக்கு அப்படிக் கவலைப்படும் பக்கத்து வீடு இல்லை.

அமெரிக்காவில் 2026 ஜனவரி முதல் ரொக்கமாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1 சதவீத வரி. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் வரி இல்லை. கணக்கு இல்லாதவர், கணக்கு மறுக்கப்பட்டவர் மட்டும் கட்ட வேண்டும். இந்த இழையில் பேசப்பட்டவர்கள் எல்லாம் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.


#13 பனங்கூடல்

கடலோடி, உங்கள் அண்ணரின் கடை என்ன ஆனது? அதைச் சொல்லவே இல்லை. இப்போது இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு என்ன செய்யலாம் என்றும் யாராவது சொன்னால் நல்லது. என் மைத்துனர் அங்கே இதே தொழிலில் இருக்கிறார்.


#14 பேரேடு

பிரிட்டன் என்றால் மூன்று விஷயம் உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். சிறு நிறுவனமாக இருந்தால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அனுப்புபவர் யார், வாங்குபவர் யார், எதற்காக என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்துக் கோப்புப் போடச் சொல்லுங்கள், என்னைப் போன்ற ஆள் திறந்து பார்க்கும்போது இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். அப்புறம், கணக்கை மூடுவதற்கு முன்பு வங்கி தர வேண்டிய அவகாசம் பழைய ஒப்பந்தங்களுக்கு இரண்டு மாதம். 2026 ஏப்ரல் 28 முதல் செய்யும் ஒப்பந்தங்களுக்கு அதை 90 நாளாக்கியிருக்கிறார்கள், காரணமும் எழுத வேண்டும். நிதிக் குற்றச் சந்தேகம் என்றால் விலக்கு உண்டு, அதைக் கவனிக்க வேண்டும்.


#15 கடலோடி

நன்றி பேரேடு. காரணம் எழுத வேண்டும் என்பதைப் படித்ததும் அண்ணருக்கு அனுப்பிவிட்டேன்.

பனங்கூடல், அந்த 60 நாளில் அண்ணர் ஏழு வங்கி ஏறினார். நாலு இடத்தில் தொழில் என்ன என்று கேட்டதும் விண்ணப்பப் படிவமே தரவில்லை. கடைசியில் ஒரு பெரிய நிறுவனத்தின் முகவராகச் சேர்ந்தார். அதே கடை, அதே வாடிக்கையாளர்கள், ஆனால் 100 பவுணுக்கு முன்பு 2 பவுண் வாங்கியவர் 4.90 வாங்க வேண்டிவந்தது. அதில் பெரும்பகுதி அவருக்கு வருவதில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்த அம்மா ஒருவர் கட்டண அட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, மாதா மாதம் அனுப்புகிறதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பினால் மிச்சமா?" என்று என்னிடம் கேட்டார். மிச்சம்தான் என்றேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை.